கோயில் கதவு சாத்திக் கிடக்கு, இப்போ நாம என்ன செய்யிறது? நம்ம பங்குல அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கொரோனாவால 2021 ஏப்ரல் 26-லேருந்து மறுபடியும் நம்ம பங்கோட (ஊர் கத்தோலிக்கச் சபையோட) கோயிலுக்குள்ள சனம் வரக்கூடாதுன்னு ஆயிருச்சு. போன வருஷம் மார்ச்ல பூட்டுனப்போ 21 நாள்தானேன்னு நெனச்சோம், அது செப்டம்பர் வரைக்கும் இழுத்துக்கிட்டு போச்சு. இந்த 2021-ல ஈஸ்டர் பூசையை மாஸ்க் போட்டுக்கிட்டாவது கண்டாச்சு, அப்புறம் மூணே வாரம், திரும்பப் பூட்டு. கூடவே மீன்பிடி தடைக்காலம் வேற, விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, ஆம்பளைகளுக்கு வேலை இல்ல, ஆக எல்லாரும் வாசல்ல உக்காந்து கேள்வி கேக்குறாக.

நான் ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறவ. அதனால ரேஷன் கடை வரிசையில, தண்ணி லாரிகிட்ட, ராத்திரி பத்து மணிக்கு போன்லன்னு எங்கிட்டதான் கேக்குறாங்க. ஒரே கேள்விக்கு இருபது தடவை பதில் சொல்லி வாய் வலிச்சுப்போய்தான் இதை எழுதி வைக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்டதெல்லாம் சாமிகிட்ட (பங்குக் குருகிட்ட) கேட்டு எழுதுனது. என் சொந்தக் கருத்து வர்ற எடத்துல என் கருத்துன்னே சொல்லிருவேன், அதுக்கு சாமியைப் போய் சண்டை பிடிக்காதீங்க.

பூசை (திருப்பலி) நின்னுபோச்சா?

நிக்கல. நாமதான் உள்ள போக முடியல. தினமும் காலையில சாமி பூசை வைக்கிறாரு, கூட அவருக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியாரும் இன்னொரு ஆளும் மட்டும். ஞாயித்துக்கிழமையும் கடன் திருநாளும் (கட்டாயம் பூசை காண வேண்டிய நாள்) பங்குச்சாமி தன்னோட பங்கு மக்களுக்காகவே ஒரு பூசை ஒப்புக்குடுக்கணும்னு திருச்சபைச் சட்டம் 534-ல இருக்கு, அதுக்கு யாரும் எழுதவும் வேண்டாம் காணிக்கையும் வேண்டாம். கொரோனாவுக்காக வந்த வழக்கம் இல்ல அது, எப்பவும் உள்ளது, நமக்குத்தான் இத்தனை நாளாத் தெரியல. மணி அடிக்கும்போது உங்க பேரும் அந்தப் பூசையில இருக்கு.

ஞாயித்துக்கிழமை பூசை காணலைன்னா பாவமா?

இல்ல. போகவே முடியாத நெலமையில கடனும் கெடையாது. சட்டம் 1248 சொல்றது, சாமி இல்லாமலோ வேற பெரிய காரணத்தாலயோ பூசை காண முடியலைன்னா தனியாவோ குடும்பமாவோ கொஞ்ச நேரம் ஜெபத்துல இருங்கன்னு. இதை எங்க தெருவுல ஒரு பாட்டிக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. புயல் அடிச்சப்பகூட ஞாயிறு பூசையை விட்டது இல்லையாம், "சாவான பாவம்னு சொல்லித்தானத்தா வளத்தாக, இப்ப இல்லைன்னா எப்புடி?"ன்னு கேட்டு அழுகுறாக. பாவம்னு சொன்னது வேணும்னே போகாம இருக்கிறதை, பாட்டி. உங்க முட்டி வலிக்கு போன மழைக்காலத்துல போகாம இருந்தீகளே, அது மாதிரிதான் இதுவும். அப்படிச் சொன்னப்புறம்தான் அந்தப் பாட்டி சமாதானம் ஆச்சு.

டிவியில பூசை பாத்தா கணக்குல வருமா?

கணக்குங்கிற பேச்சே வேண்டாம், மேல சொன்னபடி கடன் இல்ல, அதனால டிவி அந்தக் கடனை அடைக்கவும் வேண்டியது இல்ல. ஜெபத்துக்கு உதவியா பாருங்க. மாதா டிவியில வருது, வேளாங்கண்ணி பூசை யூடியூப்ல வருது. ஆனா நேரலையா பாருங்க. போன வருஷம் பாடுகளின் வாரத்துக்கு ரோமையிலேருந்து (வத்திக்கான்லேருந்து) வந்த உத்தரவே ஒளிபரப்பு நேரலையா இருக்கணும், பதிவு பண்ணி போடக்கூடாதுன்னுதான் சொல்லிச்சு. சாமி அங்க நிக்கிற அதே நேரத்துல நீங்க இங்க நிக்கிறீங்கங்கிறது வேற, நேத்து நடந்ததை ஓட்டிப் பாக்குறது வேற.

நம்ம பக்கம் நெட் எப்படி இழுக்கும்னு தெரியும், எழுந்தேற்றம் (சாமி அப்பத்தைத் தூக்கிக் காட்டுறது) நேரத்துல கரெக்டா வட்டம் சுத்த ஆரம்பிச்சிரும். அப்படி நின்னுட்டா விடுங்க, அன்னைக்கு சுவிசேஷத்தை எடுத்து வீட்டுல ஒருத்தர் சத்தமா வாசிங்க, அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க, பரலோக மந்திரம் சொல்லி முடிங்க. என் கருத்து என்னன்னா இதுதான் டிவியைவிட நல்லது. டிவி ஓடுது, அம்மா அடுப்படியில மீன் கழுவுது, மகன் போன்ல கேம் விளையாடுறான், அப்பா காணிக்கை பாட்டுல எந்திரிச்சு போய் பீடி குடிச்சிட்டு வர்றாரு, கேட்டா பூசை கண்டாச்சுங்கிறாக. (எங்க வீட்டுலயும் இதுதான் நடந்துச்சு, அதனாலதான் இவ்வளவு விவரமா சொல்றேன்.)

நன்மை (நற்கருணை) வாங்காம எத்தனை நாள் இருக்கிறது?

கஷ்டம்தான், கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெரியவங்க "ஞான நன்மை"ன்னு ஒன்னு சொல்வாங்களே, அதுதான் இப்போதைக்கு வழி. ஆண்டவரே, நீர் நற்கருணையில இருக்கீர்னு நம்புறேன், உம்மை வாங்க ஆசையா இருக்கு, இப்போ முடியல, ஆவியில எனக்குள்ள வாரும்னு உங்க சொந்த வார்த்தையிலயே கேக்கலாம். புனித அல்போன்ஸ் லிகோரி எழுதி வச்ச ஜெபம் உலகம் முழுக்க சொல்றாங்க, பழைய ஜெபப் புத்தகத்துலயும் அதுமாதிரி இருக்கும், பாட்டிமார்ட்ட கேளுங்க.

அப்புறம், ஒரு அண்ணன் கேட்டாரு, சின்ன டப்பாவுல அப்பத்தை வாங்கிட்டு போய் வீட்டுல எல்லாரும் எடுத்துக்கலாமான்னு. கூடாது அண்ணே. நோயாளிக்கு கொண்டு போறதுக்குன்னு தனியா ஆள் இருக்காங்க, அதுக்குத் தனிப் பாத்திரம் இருக்கு, அது சாப்பாடு பார்சல் இல்ல. வீட்டுல முடியாம கெடக்கிறவங்க இருந்தா சொல்லுங்க, சாமி வருவாரு.

போன்ல பாவசங்கீர்த்தனம் பண்ணலாமா? வீடியோ கால்ல?

முடியாது. போன்ல குடுக்கிற பாவமன்னிப்பு செல்லாது, ரோமையில இதுக்குப் பொறுப்பான கர்தினாலே போன டிசம்பர்ல தெளிவா சொல்லிட்டாரு. சாமிகிட்ட போன்ல பேசி மனசை ஆத்திக்கலாம், ஆலோசனை கேக்கலாம், ஆனா அது பாவசங்கீர்த்தனம் இல்ல.

ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, நேர்ல. சாமியார் பங்களா வெளித் திண்ணையில சாமி ஒரு கோடியில, நீங்க ஒரு கோடியில, மாஸ்க் போட்டுக்கிட்டு, முன்கூட்டியே போன் பண்ணிட்டு தனியா வரணும். ரெண்டாவது, வரவே முடியாதவங்களுக்கு உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து இல்லாம, கடவுள் மேல உள்ள அன்பால இப்படிப் பண்ணிட்டோமேன்னு உள்ளபடியே வருத்தப்படுறது, கூடவே வழி தொறந்த உடனே பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன்னு உறுதி எடுக்கிறது. இதால சாவான பாவமும் மன்னிக்கப்படும்னு மறைக்கல்வி ஏடு 1452-ம் எண்ணுல இருக்கு. நம்ம பாட்டன் பூட்டன் உத்தம மனஸ்தாப மந்திரத்தை ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி சொன்னது சும்மா இல்ல, கடலுக்குப் போறவன் காலையில திரும்புவானான்னு தெரியாது, அதான்.

குழந்தை பொறந்திருக்கு, ஞானஸ்நானம் எப்போ?

நல்லா இருக்கிற பிள்ளைன்னா காத்திருக்கலாம், இல்ல சாமிகிட்ட சொன்னா ஞானத் தகப்பன் ஞானத் தாய் வரைக்கும் நாலஞ்சு பேரோட குடுப்பாரு. பந்தி, மைக்செட், பிளெக்ஸ் எல்லாம் கெடையாது.

ஆபத்துல இருக்கிற பிள்ளைன்னா சாமிக்காக காத்திருக்காதீங்க. யார் வேணும்னாலும் குடுக்கலாம், நர்ஸ் குடுக்கலாம், பாட்டி குடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவங்ககூட திருச்சபை நெனைக்கிறதை நெனைச்சுக் குடுத்தா செல்லும். தலையில தண்ணி ஓடுற மாதிரி ஊத்திக்கிட்டே பேர் சொல்லி "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்"னு சொல்லணும், அவ்வளவுதான். நான் உனக்குன்னுதான் சொல்லணும். "நாங்கள்"னு சொல்லிக் குடுத்தது செல்லாது, திரும்பக் குடுக்கணும்னு 2020 ஆகஸ்ட்ல ரோமை அறிவிச்சுச்சு, எங்கயோ குடும்பம் ஊரு எல்லாரும் சேர்ந்து குடுக்கிற மாதிரி இருக்கட்டுமேன்னு வார்த்தையை மாத்தியிருக்காங்க. ஒரு எழுத்துக்கு எவ்வளவு வெயிட்டு பாருங்க.

போன ஜூன்ல எங்க சொந்தத்துல ஒரு பிள்ளை ஏழு மாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு, யாரையும் உள்ள விடல, நர்ஸம்மாவுக்கு அப்பத்தா வெளியிலேருந்து வார்த்தை வார்த்தையா சொல்லிக் குடுத்து அவங்க ஊத்துனாங்க, அந்த நர்ஸம்மா வேற மதம். பிள்ளை பொழச்சு இப்போ தவழுது. அப்படிக் குடுத்திருந்தா திரும்ப ஞானஸ்நானம் கெடையாது, கோயில் தொறந்ததும் தைலம் பூசுறது, வெள்ளைத் துணி போடுறது, மெழுகுதிரி இதை மட்டும் சாமி நிறைவு செய்வாரு, பதிவேட்டுல எழுதணும், அதுக்கு யார் குடுத்தா, எந்தத் தேதின்னு குறிச்சு வைங்க.

படகுல இருந்தா கடல் தண்ணி செல்லுமான்னு ஒரு தம்பி கேட்டான். செல்லும். தண்ணின்னா தண்ணிதான், உப்பு இருந்தா என்ன.

ஆஸ்பத்திரியில சாகக் கெடக்கிறவங்களுக்கு அவஸ்தை (சாமி எண்ணெய்) பூசுறது?

வீட்டுல இருந்தா தயங்காம கூப்பிடுங்க, ராத்திரின்னாலும். கொரோனா வார்டுன்னா ஆஸ்பத்திரிக்காரங்க விடணும், சில எடத்துல கவச உடை போட்டு சாமிமாரை விடுறாங்க, பல எடத்துல இல்ல. விடலைன்னா என்ன பண்றதுன்னா, போன வருஷம் மார்ச்ல ரோமை குடுத்த ஆணையில, சாகுற நேரத்துல அருட்சாதனம் கெடைக்காதவங்களுக்கும் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலேருந்து முழு விடுதலை) உண்டு, வாழ்நாள்ல ஏதோ கொஞ்சம் ஜெபம் சொல்லி வந்தவங்களா இருந்தா போதும், கையில சிலுவை இருந்தா நல்லதுன்னு இருக்கு. ஆகவே ஆளை ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்போ பையில செல்போன் சார்ஜரை மறந்தாலும் ஒரு சின்ன பாடுபட்ட சுரூபத்தை மறக்காதீங்க.

போனை காதுல வச்சு ஜெபம் சொல்லலாமான்னா, தாராளமா. அது அவஸ்தைப் பூசுதல் ஆகாது, ஆனா கடைசியா காதுல விழுற சத்தம் மிஷின் சத்தமா இல்லாம மகளோட சத்தமா இருக்கும்ல.

கொரோனாவுல இறந்தவங்களை எப்படி அடக்கம் பண்றது? எரிச்சா பாவமா?

இதைப் பத்தி ஊர்ல ஏகப்பட்ட பேச்சு ஓடுது. கோயிலுக்குள்ள கொண்டு வர்றது கெடையாது, நேரா கல்லறைத் தோட்டம். சாமி அங்க வந்து மந்திரிப்பாரு, சொந்தம் கொஞ்ச பேர் மட்டும். மூடுன பையைத் தொறக்கச் சொல்லி கலாட்டா பண்ணாதீங்க, அதோட வலி தெரியும், ஒரு தடவை முகம் பாக்காம மண்ணு போடுறது எப்படின்னு, ஆனாலும் வேண்டாம். அடக்கப் பூசையை அப்புறம் நினைவுப் பூசையா வைக்கலாம்.

இங்க புதைக்கக்கூடாதுன்னு யாராச்சும் வழி மறிச்சா, 2020 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு அவசரச் சட்டமே போட்டிருக்கு, தடுக்கிறவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில். சென்னையில ஒரு டாக்டரைப் புதைக்க விடாம கல்லெறிஞ்சாங்களே, அதுக்கப்புறம் வந்தது. மண்ணுக்குள்ள போனவங்ககிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ ஊர்ல சொந்தப் பிள்ளையே தூர நின்னப்போ முஸ்லிம் வாலிபர்கள் வந்து எல்லா மதத்தாரையும் அவங்கவங்க முறைப்படி அடக்கம் பண்ணாங்க, அதையும் நெனைச்சுக்கிட்டு பேசுங்க.

எரிக்கிறது பாவம் இல்ல. 1963-லேயே திருச்சபை அனுமதி குடுத்திருச்சு, உயிர்ப்பை மறுக்கிறதுக்காக எரிக்கக்கூடாது, அவ்வளவுதான். புதைக்கிறதுதான் நம்ம விருப்ப முறை. ஆனா எரிச்சா சாம்பலை கல்லறைத் தோட்டத்துல வைக்கணும். பக்கத்துல ராமேஸ்வரத்து அக்கினி தீர்த்தம் இருக்கு, தினம் நாலு மாநிலத்துக்காரங்க வந்து கரைக்கிறதைப் பாத்து வளந்தவங்க நாம, அதனால "அப்பா கடல்லயே கெடந்த மனுஷன், கடல்லயே கரைச்சிருவோமே"ன்னு ஒரு மகன் கேட்டான். ஆசை புரியுது. ஆனா 2016-ல ரோமை வெளியிட்ட அறிவுரையில சாம்பலை கடல்லயோ காத்துலயோ தூவக்கூடாது, வீட்டுல பங்கு போட்டு வச்சுக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. ஒரு எடம் வேணும், நவம்பர் 2-க்கு மெழுகுதிரி கொளுத்த, பேரப்பிள்ளை வந்து நிக்க. கடல்ல எங்க போய் நிப்பான்?

இறந்தவங்களுக்கு ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசை எழுதலாமா? நாம இல்லாம பலன் உண்டா?

உண்டு. பூசையோட பலன் நீங்க முன் பெஞ்சுல உக்காந்ததால வர்றது இல்ல. போன்ல சொல்லுங்க, உபதேசியார் நோட்டுல எழுதிக்குவாரு, என்னைக்கு வைக்கிறாங்கன்னு திருப்பிச் சொல்லுவாரு, அந்த நேரத்துல வீட்டுல படத்துக்கு முன்னாடி ஒரு திரி ஏத்துங்க. காசு இல்லைன்னா காசு இல்லைன்னே சொல்லுங்க, ஏழைகளோட கருத்துக்காக காணிக்கை இல்லாமலும் பூசை வைங்கன்னு சட்டமே சாமிமாருக்குச் சொல்லுது.

கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டோம், ஓலை எப்படி வாசிப்பாங்க?

மூணு ஞாயிறு ஓலை வாசிக்கிறது, தடை இருந்தா தெரிஞ்சவங்க சொல்லட்டும்னுதான். சனமே இல்லாதப்போ யாருக்கு வாசிக்கிறது? அதனால ஓலையை எழுதி கோயில் கேட்டுல ஒட்டுறாங்க, மத்த பங்குலேருந்து கடிதம் போன்லயும் தபால்லயும் வாங்குறாங்க. இந்த 2021 ஊரடங்குல கல்யாணத்துக்கு 50 பேர்னு அரசு சொல்லியிருக்கு. அம்பதுல சாமி, உபதேசியார், போட்டோகாரர் எல்லாம் அடக்கம்னு ஞாபகம் வைங்க, மாமன் மச்சான் சண்டை வராம லிஸ்ட்டு போடுறது உங்க பொறுப்பு.

கச்சத்தீவு, சந்தியாகப்பர் திருவிழா, இதுக்கெல்லாம் நேர்ச்சை வச்சிருக்கோமே?

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா 2020-ல மார்ச் 6, 7-ல ஊரடங்குக்கு கொஞ்சம் முன்னாடி தப்பிச்சு நடந்துச்சு, இந்த வருஷம் நம்ம பக்கத்துலேருந்து யாரும் போகல. பாஸ்போர்ட் இல்லாம ரெண்டு நாட்டு சனமும் ஒரே மணல்ல படுத்து எந்திரிக்கிற ஒரே எடம் அது, அங்கிட்டு யாழ்ப்பாணத்துச் சொந்தத்தை வருஷத்துக்கு ஒருக்கா பாத்துக்கிட்டவங்களுக்கு இந்த வருஷம் வெறும் வாட்ஸ்அப்தான். வேர்க்காட்டு சந்தியாகப்பருக்கு ஜூலை 25, கூட்டம் இல்லாம கொடி மட்டும் ஏத்துறதா என்னன்னு அப்போ உள்ள உத்தரவைப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க.

நேர்ச்சை விஷயம் நிறைய பேர் பயந்துபோய் கேக்குறது. மொட்டை போடுறேன்னு சொன்னேன், நடந்து வர்றேன்னு சொன்னேன், ஓரியூர் அருளானந்தருக்கு ஆடு குடுக்கிறேன்னு சொன்னேன், முடியல, சாமி குத்தம் ஆயிருமான்னு. ஆகாது. முடியாத காலத்துக்கு நேர்ச்சை கட்டாது, தள்ளிப் போகும். வேணும்னா நேர்ந்தவங்களே அதுக்குச் சமமான இல்ல அதைவிடப் பெரிய நல்லதா மாத்திக்கலாம், பங்குச்சாமிக்கு தனிப்பட்ட நேர்ச்சையிலேருந்து விலக்கு குடுக்க அதிகாரமும் இருக்கு. அசனத்துக்குன்னு (நேர்ச்சை விருந்துக்குன்னு) ஒதுக்குன ஆட்டை வித்து எங்க அன்பியத்துல (அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேர்ந்த ஜெபக் குழுவுல) ஒரு அக்கா பதினோரு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டாக. அருளானந்தர் கோவிச்சுக்கிட்டாரா என்ன? அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்க.

குருசடியில (சிலுவை நட்டு வச்சிருக்கிற எடத்துல) பத்துப் பேர் கூடி ஜெபமாலை சொன்னா என்ன?

வேண்டாம். குருசடிக்கு கூரை இல்லைன்னு வைரஸுக்குத் தெரியாதுன்னு இல்ல, காத்தோட்டம் இருக்குதான், ஆனா பத்துப்பேர் நாப்பது பேர் ஆக நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மே மாசம் மாதா வணக்க மாசம், அதனால சாயங்காலம் ஏழு மணிக்கு கோயில் குழாய்ல ஜெபமாலை போடுறாங்க, அவங்கவங்க வாசப்படியில உக்காந்து பதில் சொல்லுங்க. மொத நாள் கூச்சமா இருந்துச்சு, மூணாம் நாள் தெரு முழுக்க "அர்ச்சியஷ்ட மரியாயே"ன்னு அலை மாதிரி ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் போச்சு, எதிர் வரிசை பாய் வீட்டுல டிவி சத்தத்தைக் குறைச்சு வச்சாக. போப்பாண்டவர் பிரான்சிஸும் இந்த மே மாசம் முழுக்க உலகத்துல 30 திருத்தலத்துலேருந்து தினம் ஜெபமாலை ஏற்பாடு பண்ணியிருந்தாரு, 14-ந்தேதி நம்ம வேளாங்கண்ணி. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒம்பதரை, முழிச்சிருந்து பாத்தவங்க பாத்திருப்பீங்க.

டாஸ்மாக் தொறக்குறாங்க, கோயிலை மட்டும் ஏன் பூட்டணும்?

இந்தக் கோவம் போன வருஷத்துது. அப்போ கடையை மே மாசமே தொறந்தாங்க, கிராமத்துச் சின்னக் கோயில்களை ஜூலையிலயும் மத்ததை செப்டம்பர் 1-லயும்தான் தொறந்தாங்க, அப்போ கேட்டது நியாயம், நானும் கேட்டேன். இப்போ 2021 மே 10-லேருந்து கடையும் பூட்டு. அதோட ஒன்னு சொல்லணும். கடையில வாங்கிட்டு போயிருவாங்க, கோயில்ல ஒரு மணி நேரம் ஒட்டி உக்காந்து வாயைத் தொறந்து பாடுவோம், கெழவன் கெழவிதான் முன்வரிசை. பூட்டுனது நம்மளைப் பிடிக்காம இல்ல. பள்ளிவாசலும் பூட்டு, ராமநாதசாமி கோயிலும் பூட்டு, நமக்கு மட்டும் ஓரவஞ்சனைன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க, அனுப்பாதீங்க.

தடுப்பூசி போடலாமா? அதுல ஏதோ பாவம்னு ஒரு வீடியோ வந்துச்சு.

போடலாம், போடுங்க. 2020 டிசம்பர் 21-ல ரோமையிலேயே மனசாட்சிப்படி போட்டுக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. போப்பாண்டவர் பிரான்சிஸே போட்டுக்கிட்டாரு. மேல பேச ஒன்னும் இல்ல.

கோயில் செலவு எப்படி ஓடுது? கோயில் வரி கட்டணுமா?

உண்மையைச் சொன்னா இழுபறிதான். ஞாயிறு காணிக்கை இல்ல, கரண்ட் பில் வருது, உபதேசியார் சம்பளம், கோயில் கூட்டுற அம்மா சம்பளம். ஆனா தடைக்காலம் ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு குடும்பத்துக்கு அரசு நிவாரணம் இந்த 2021-ல 5000 ரூபாய், அதை வச்சு ரெண்டு மாசம் எப்படி ஓட்டுறது? பாசி எடுக்கப் போற பொம்பளைகளும் வாங்குறவன் வரலைன்னு உக்காந்திருக்காக. இந்த நேரத்துல வரி பாக்கின்னு யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கக்கூடாதுன்னு பங்குப் பேரவையில முடிவு. வெளிநாட்டுல, கப்பல்ல இருக்கிற பிள்ளைகளால முடிஞ்சதை அனுப்புறாங்க. என் கருத்து, கணக்கை மாசாமாசம் கேட்டுல ஒட்டணும். மறைக்க ஒன்னும் இல்லைன்னா ஒட்டுறதுல என்ன?

அரிசி வேணும்னாலும் குடுக்கணும்னாலும் உங்க அன்பியத் தலைவர்கிட்ட காதோட சொல்லுங்க. வாங்குறவங்களைப் போட்டோ எடுக்கிற வேலை இந்தப் பங்குல கெடையாது.

பிள்ளைகளோட மொத நன்மை?

தள்ளிப் போகுது. அதுவரைக்கும் மந்திரங்களை மறக்க விடாதீங்க. பத்துக் கற்பனையை ஒப்பிக்கச் சொன்னா எங்க கிளாஸ் பையன் ஆறோட நின்னுட்டான், ஏழாவதை யாரோ களவாண்டுட்டாங்க டீச்சர்ங்கிறான்.

இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?

இதைவிட மோசமா நடந்திருக்கு. நம்ம கரையில வாராவாரம் பூசைங்கிறதே பிற்காலத்து வசதிதான். 1542-ல சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தப்போ ஊருக்கு ஊர் மந்திரங்களைத் தமிழ்ல சொல்லிக் குடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிருவாரு, திரும்ப எப்போ வருவாருன்னு இல்ல, பிள்ளைகள்தான் வீட்டுல பெரியவங்களுக்குச் சொல்லிக் குடுத்துச்சுங்க. 1549-ல நம்ம வேதாளையில கிரிமினாலின்னு ஒரு சேசுசபை சாமி, சனம் படகேறித் தப்பிக்கட்டும்னு கரையிலயே நின்னு குத்துப்பட்டுச் செத்தாரு, சேசுசபையோட மொத வேதசாட்சி அவருதான், அந்த வழியா பஸ்ஸுல போறவங்க எத்தனை பேருக்குத் தெரியும்? அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ சாமி) மறவர் நாட்டுல சுத்துன காலத்துல ஒரு சாமிக்கு எண்ண முடியாத ஊரு, அதுலயும் ஒளிஞ்சு ஒளிஞ்சு, 1693 பிப்ரவரி 4-ல ஓரியூர்ல அவரை வெட்டிட்டாங்க. அப்புறம் 1773-ல போப்பாண்டவர் சேசுசபையையே கலைச்சாரு, மதுரை மிஷனுக்கு பிரெஞ்சு சேசுசபை சாமிமார் வந்து திரும்ப ஆரம்பிக்க 1830-கள் ஆகிப்போச்சு. நடுவுல அறுபது வருஷத்துக்கு மேல இந்தப் பக்கம் சாமிமார் ரொம்பக் கொறைச்சல். அந்த அறுபது வருஷமும் யார் ஞானஸ்நானம் குடுத்தா, யார் செத்தவங்களுக்கு ஜெபம் சொன்னா? உபதேசியாரும் வீட்டுப் பெரியவங்களும்தான். பாட்டி பாடுற அந்த இழுவையான பழைய ராகத்து ஜெபம் இருக்கே, நாம கிண்டல் பண்ணுவோமே, அதுல அந்தக் காலமும் இருக்கு.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போச்சு. கோயில் சுவர் மட்டும் இன்னும் நிக்குது, டூரிஸ்ட்டு வந்து போட்டோ எடுக்கிறாங்க. அங்கேருந்து பொழச்சு வந்தவங்க வழியில எந்த ஊர்ல ஒண்டுனாங்களோ அந்த ஊர்ல ஓலைக் கொட்டகை போட்டு ஜெபம் சொன்னதை எங்க தாத்தா சொல்லுவாரு. கோயில் போன பின்னாடியும் பங்கு இருந்துச்சு. நமக்கு கோயில் முழுசா இருக்கு, சாவிதான் இல்ல.

கோயிலுக்கு வெளியில நின்னாவது கும்பிடலாமா?

தாராளமா, ஒத்தை ஒத்தையா. கேட்டுலேருந்து பாத்தா பீடத்து விளக்கு தெரியுற மாதிரி சாமி பெரிய கதவோட ஒரு பக்கத்தைத் தொறந்துதான் வச்சிருக்காரு. கேட்டைப் புடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நிக்காதீங்க, பின்னாடி ஆள் நிக்கும். செருப்பைக் கழட்டணுமான்னா உங்க இஷ்டம், மணல் சுடும். மெழுகுதிரியை கேட்டுக்கு வெளியில ஒட்ட வைக்காதீங்க, கச்சான் காத்துக்கு நிக்கிறது இல்ல, உருகி ஓடி உபதேசியார் சொரண்டிக்கிட்டு இருக்காரு. பூவும் வைக்காதீங்க தயவுசெஞ்சு, மாதாவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆடு தின்னுட்டு போயிருது.